மல்லிகைத் தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர்

ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். நான் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பினாங்குக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணலைத் தடவியபடி நடப்பேன். பெரும்பாலும் சோடா மூடிதான் கிடைக்கும். எப்போதாவது மோதிரம் கிடைத்தால் உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவேன். பழைய நாணயம் மட்டும் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆறு வருஷமாக எனக்கு அந்த ஒரு குறைதான்.

அதனால் திண்டுக்கல்லிலிருந்து நூர்ஜஹான் போன் செய்து, "மகளுக்கு நிக்காஹ், நீங்க வரலைன்னா அப்புறம் உங்களோட பேச்சே கிடையாது விஜயாக்கா" என்று சொன்னபோது, பட்டுப்புடவைக்கு முன்னால் டிடெக்டரைத்தான் பெட்டியில் வைத்தேன். நூர்ஜஹான் பினாங்கில் பன்னிரண்டு வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் ஊர் திரும்பி இப்போது தோல் வியாபாரம் பார்க்கிறார். என்னைவிட ஐந்து வயது சின்னவள். என்னைவிட ஐம்பது மடங்கு பேசுவாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பினாங்கில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவைப் பருப்புக் குழம்பில் தொட்டு எழுந்துபோகிறவள் நான். இங்கே இலையிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மயக்கத்தில், மலைக்கோட்டைப் பாறையில் மிஷினோடு ஒரு நடை போய்வரலாமா என்று கேட்டுவிட்டேன்.

"அல்லாவே! அது அரசாங்கத்து எடம். அங்கன இந்த மிஷினத் தூக்குனா நேரா ஜெயிலுதான். நான் சோறு கொண்டாந்து குடுக்க மாட்டேன்" என்றாள் நூர்ஜஹான்.

எனக்கும் தெரியும். அரசு பாதுகாக்கும் இடங்களில் கை வைக்கக் கூடாது, பட்டா நிலமானாலும் பழம்பொருள் கிடைத்தால் கலெக்டர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். சும்மா கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். நூர்ஜஹான் சற்று யோசித்துவிட்டு, தன்னோடு பள்ளியில் படித்த முத்துலட்சுமியின் நிலம் நிலக்கோட்டைப் பக்கம் இருக்கிறது, அங்கே போகலாம் என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் என் நீளப் பையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, புல்லு வெட்டுற மிஷினா?"

"பொதையல் எடுக்குற மிஷினு" என்றாள் நூர்ஜஹான், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"அப்பக் கண்டிப்பா லக்கேஜ் போடணும்" என்று சிரிக்காமல் டிக்கெட்டைக் கிழித்தார்.

செம்பட்டி தாண்டியதும் ஒருவர் தேங்காய் மூட்டையை என் பை மீது சாத்தினார். உள்ளே சுவிட்ச் அமுங்கிவிட்டது. பஸ் முழுக்க இரும்பு. மிஷின் பாவம் என்ன செய்யும், வாய் ஓயாமல் அலற ஆரம்பித்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் ஒருவர், "பஸ்ஸுக்கு அடியிலயே பொதையல் இருக்கு போல, எறங்கித் தோண்டுங்கப்பா" என்றார். நிலக்கோட்டை வரும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தார் ரோட்டில் இறங்கியதும் எதிரே அறுவடை முடிந்த சோளக்காடு, அதற்கு அந்தப் பக்கம் பச்சையாக மல்லிகைத் தோட்டம். நடுவே ஒரு வரப்பு. அதன் மேல் சர்க்கஸ்காரியைப் போலக் கையை விரித்துக்கொண்டு நான் நடந்துபோக, எதிர்முனையில் முத்துலட்சுமி சிரித்தபடி நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். தோட்டம் அவள் பொறுப்பு.

"வாங்கக்கா. இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, மொதல்ல மோரு குடிங்க."

மோர் குடிக்கும்போதுதான் சோளக்காட்டு ஓரத்தில் அடுக்கியிருந்த கல்தூண்களைப் பார்த்தேன். பக்கத்தில் முள்கம்பிச் சுருள்கள். என்ன என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஆண்டிச்சாமி அண்ணே வேலி போடப்போறாருக்கா. திங்கக்கெழம ஆளு வருது. அதோட இந்த வரப்பு அடைஞ்சுரும்."

விஷயம் இதுதான். அவள் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் சோளக்காடு ஆண்டிச்சாமியுடையது. விடிவதற்கு முன்னால் பூப்பறிக்க ஆரம்பித்து, கூடையைத் தலையில் வைத்து, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, அந்த வரப்பு வழியாக நாலைந்து நடை போய் ரோட்டில் இறக்குவாள். ஏழரைக்கு மார்க்கெட் வேன் வரும், பத்து நிமிஷம் நிற்கும். மொட்டு மலர்வதற்குள் பூ போய்ச் சேர்ந்தாக வேண்டும். வரப்பு அடைபட்டால் ஓடையைச் சுற்றித்தான் போகவேண்டும். சுற்றிப் போனால் வேன் கிடைக்காது.

"அப்புறம் என்ன செய்வே?"

"என்னத்தச் செய்ய? செடியப் புடுங்கிட்டு நானும் மில்லுக்குப் போக வேண்டியதுதான்."

முத்துலட்சுமிக்கு நிலத்தை விற்றவர், இங்கே முன்னொரு காலத்தில் வண்டிப்பாதை இருந்தது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அவர் திருப்பூர் போய், அங்கேயே காலமாகிவிட்டார். பத்திரத்தில் பாதை இல்லை. சர்வே படத்திலும் இல்லை. ஊரில் ஞாபகம் வைத்திருப்பவரும் இல்லை.

"அந்த ஆளு மோசமானவரா?" என்று கேட்டேன்.

"அய்ய, நல்லவருக்கா. அதுதான் தொல்லையே. பொய் சொல்றவருன்னா சண்ட போட்டுறலாம். அவரு நெசமாவே பாதையே இல்லன்னு நெனைக்கிறாரு. வழி விட்டா நாளப்பின்ன எடத்தையே கேப்பாகன்னு பயம். டீக்கடையில அத்தன பேரு முன்னாடி சொல்லிப்புட்டாரு, ஒரே ஒரு சாட்சி காட்டு, நானே வேலிய விலக்கிப் போடுறேன்னு. சாட்சிக்கு நான் எங்க போவேன்?"

அன்று மத்தியானம் வரை மல்லிகை வரிசைகளுக்கு நடுவே தேடினேன். உடைந்த அரிவாள் நுனி, மாத்திரை அட்டைகள், ஒரு சைக்கிள் மணியின் மூடி, இப்போது செலாவணியில் இருக்கும் ஒரு இரண்டு ரூபாய். கடற்கரை மணலில் கரண்டி போதும். இங்கே செம்மண் காய்ந்து கிடந்தது, கடப்பாறை கேட்டது. மத்தியானம் முத்துலட்சுமி சோறும் கத்திரிக்காயும் கருவாடும் வைத்தாள். "வெஞ்சனம் பத்துமாக்கா?" என்று கேட்டுக் கேட்டு, சோற்றைவிடக் குழம்பும் காயும்தான் அதிகம் போட்டாள். நான் ஒரு பழைய காசுக்கு ஆசைப்பட்டு வந்தவள். சாப்பிட்டு முடிக்கும்போது காசு நினைப்பு கொஞ்சம் ஒதுங்கிவிட்டது. அந்தக் கல்தூண்கள்தான் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்தன.

கிளம்பும் நேரத்தில் ஆண்டிச்சாமி வந்தார். அறுபத்தைந்து வயது, தலையில் துண்டு, நெஞ்சு நிமிர்ந்த நடை. காலையிலிருந்து ஒருவர் தூரத்தில் நின்று என் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் இவர்தான். முத்துலட்சுமி கூடைகளைக் கழுவப் போயிருந்தாள். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இது எம்புட்டு ஆழம் வரைக்கும் பாக்கும்?"

"ஒரு முழத்துக்கு உள்ளதான்."

சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்காட்டுல நீளவாக்குல துண்டா ஒரு பத்தை இருக்கு. எங்கப்பாரு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அந்தப் பத்தையில மட்டும் ஆழமா ஏர் விடாதன்னு. ஏன்னு கேட்டா பதிலே கெடையாது. நாப்பது வருசமா நானும் மேலாப்புலதான் உழுகுறேன். டிராக்டர்காரன்கிட்டயும் சொல்லிருவேன். அங்கன என்னமோ இருக்கும்மா. பான கீன பொதைச்சு வச்சிருக்காக."

எனக்குச் சட்டென்று உடம்பு சூடாகிவிட்டது. ஆறு வருஷக் குறை! ஆனாலும் கறாராகச் சொன்னேன்: பானை கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும், ஒளிக்க நான் உடந்தையாக மாட்டேன்.

"சொல்லுவோம், சொல்லுவோம். மொதல்ல கெடைக்கட்டும்" என்றார்.

சனிக்கிழமை ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் கழற்றிப் போட்ட ஒரு நட்டு மண்ணுக்குள் உருண்டுவிட்டது. மிஷினை எடுத்து அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தப் பயணத்தில் என் மிஷினுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

சோளக்காட்டில் ஆண்டிச்சாமி மண்வெட்டியோடு காத்திருந்தார். நூர்ஜஹான் குடையை விரித்து வரப்பில் உட்கார்ந்தாள். அவள் மடியில் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழமும் ஒரு கட்டுத் துடைப்பக் குச்சியும். மிஷின் சத்தம் கொடுக்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நடுவது என் வழக்கம். பினாங்கில், கறித்துண்டைக் கோத்துச் சுடுகிற சத்தே குச்சியை நடுவேன். தோண்டிய பிறகும் குச்சியை எடுக்க மாட்டேன். எந்த இடம் பார்த்தாயிற்று என்று தெரிய வேண்டும் அல்லவா.

பத்தடி போவதற்குள் நல்ல கணீர் சத்தம். ஆண்டிச்சாமி கும்பிட்டுவிட்டு வெட்டினார். ஒரு சாணுக்குள்ளேயே மண்வெட்டி நறநறவென்று சரளையில் மோதியது. மண்ணோடு துருவேறிய ஒரு தகடு வந்தது. பிறை மாதிரி வளைவு, ஓரத்தில் ஆணி ஓட்டைகள். நான் ஆசையோடு பார்க்க, அவர் ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, "லாடம்மா. மாட்டு லாடம்" என்று வரப்பில் போட்டார்.

ஐந்தடி தள்ளி இன்னொன்று. அதுவும் லாடம். அப்புறம் இரண்டு ஆணி. அப்புறம் லாடம். எனக்கு எரிச்சல் வந்தது. அவருக்கோ உற்சாகம் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் தக்காளி மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டியவராம். ஒவ்வொரு தகட்டையும் வேட்டியில் துடைத்து வைத்துப் பாடமே நடத்தினார். மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டிருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். இது உள்பக்கத்தது, இது வெளிப்பக்கத்தது. இது முன்னங்கால், தேய்ந்திருக்கிற விதத்தைப் பார். இதை அடித்தவன் நல்ல வேலைக்காரன்.

பதினொன்றாவது லாடம் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க அப்பா உழவு மாட்டை ரொம்ப ஓட்டியிருக்கார் போல. அது போற எடமெல்லாம் லாடத்தைக் கழட்டிப் போட்டிருக்கு" என்றேன்.

ஆண்டிச்சாமிக்குக் கோபமே வந்துவிட்டது. மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வெவரம் தெரியாமப் பேசாதம்மா. உழவு மாட்டுக்கு எவனாச்சும் லாடம் கட்டுவானா? காட்டு மண்ணுல நடக்குற மாட்டுக்கு அது எதுக்கு? வண்டி மாட்டுக்குத்தான் லாடம். அதுவும் சரளை ரோட்டுல பாரம் இழுக்குற வண்டி..."

அத்தோடு பேச்சு நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

"விஜயாக்கா, செத்த இங்க வாங்களேன்" என்று நூர்ஜஹான் கூப்பிட்டாள். அவள் குரலில் வழக்கமான கும்மாளம் இல்லை. எழுந்து நின்றிருந்தாள். நாங்கள் இருவரும் வரப்பில் ஏறி அவள் கை காட்டிய பக்கம் பார்த்தோம். நான் நட்ட துடைப்பக் குச்சிகள் ஒரு வண்டி அகலத்துக்குள், முத்துலட்சுமியின் தோட்டத்து வாசலில் தொடங்கி ரோட்டை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பத்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் நடந்த இடத்தில் ஒரு குச்சிகூட இல்லை.

ஆண்டிச்சாமி இறங்கிப் போய், கடைசிக் குச்சிக்கும் ரோட்டுக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தில் தானாகவே நாலு இடத்தில் வெட்டிப் பார்த்தார். நாலிலும் ஒரு சாண் ஆழத்தில் அதே சரளை. பத்தைக்கு வெளியே வெட்டினார். மண்வெட்டி முழங்கை ஆழம் மெத்தென்று இறங்கியது.

வந்து வரப்பில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"எங்கப்பாரு பாதைய மண்ணப் போட்டு மூடிக் காட்டோட சேத்துப்புட்டு, சரளை மேல வந்துரக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காரு" என்றார். "நான் பொறக்குறதுக்கு முன்னாடியே நடந்திருக்கும். நாப்பது வருசமாப் பொதையலக் காவல் காக்குறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்கப்பாரோட திருட்டத்தான் காவல் காத்திருக்கேன்."

நேற்றுவரை இவரை வில்லன் என்று நினைத்தவள் நான். நூர்ஜஹான் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. லாடங்களைத் துண்டில் அள்ளி முடிந்துகொண்டு, ஊரைப் பார்த்து நடந்தார்.

முத்துலட்சுமியிடம் சொன்னோம். அவள் சந்தோஷப்படவில்லை. "அவரு மனசு ஒடிஞ்சிருக்கும்க்கா. இப்பப் போயி நான் என்னத்தக் கேக்க? கேக்க மாட்டேன். அவராச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் திருப்பப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் எனக்கு விருந்து. சீரகச்சம்பா பிரியாணி, தால்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. நூர்ஜஹான் வீட்டுக்காரர் பினாங்குக் கதைகளாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கையைக் கழுவும்போதெல்லாம் நாளைக்குத் திங்கட்கிழமை என்பது ஞாபகத்துக்கு வந்தது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா? அப்பா பெயரை ஊர் முன்னால் கெடுக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? லாடங்கள் அவர் துண்டில் அல்லவா இருக்கின்றன. கிணற்றில் கொட்டிவிட்டால் முடிந்தது. குச்சிகளைப் போட்டோகூட எடுக்காத என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தார் ரோட்டில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. சோளக்காட்டில் ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்; ரோட்டோரத்தில் கல்தூண்களை நட்டாகிவிட்டது. பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, தூண்கள் ஒரு வரிசை இல்லை, இரண்டு வரிசை. நடுவே என் குச்சிகள் அப்படியே நின்றன.

டீக்கடைக்காரர் உட்பட ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் துண்டு விரித்து, அதில் பதினோரு லாடங்கள். ஆண்டிச்சாமி ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டி, "சாட்சி கேட்டேன்ல, இந்தா வந்துருச்சு. எங்கப்பாரு பண்ணுன தப்பு. அவரு பண்ணிட்டாருன்னு நானும் பண்ண முடியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வருகிற எல்லோரிடமும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

வேன் வந்தது. "இதுக்குள்ள வண்டி போகுமாண்ணே?" என்று டிரைவர் தயங்கினார்.

"வேன் என்ன அகலம்னு எனக்குத் தெரியாதுப்பா. ரெட்டமாட்டு வண்டி அகலம் தெரியும். தாராளமா விட்டிருக்கேன், வா" என்றார் ஆண்டிச்சாமி.

வேன் பின்பக்கமாகவே மெதுவாக ஊர்ந்து, தோட்டத்து வாசலில் போய் நின்றது. முத்துலட்சுமி அங்கேயே நின்றிருந்தாள். கூடைகளை டிரைவரும் நூர்ஜஹானும் எடுத்து ஏற்றினார்கள். அவளுக்குத் தூக்க ஒன்றுமில்லை. வேன் கிளம்பியதும் அதன் பின்னாலேயே நடந்து வந்தாள், வழக்கமான அதே சின்ன அடிகளோடு, கழுத்தை அசைக்காமல். வலது கை மட்டும் தலைக்கு மேலே உயர்ந்து, அங்கே இல்லாத கூடையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. சிரிக்க வாயைத் திறந்த நூர்ஜஹான் அப்படியே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். எனக்கும் பார்வை மங்கிவிட்டது.

ஆண்டிச்சாமிதான் பாதையின் ஓரத்தில் நின்று சொன்னார்:

"ஏத்தா, கைய எறக்கு. ஒண்ணும் விழுகாது."